ஈயச் சூட்டில் உருகும் வண்ணம்

ஜிக் என்பது தூண்டில் முள்ளின் கழுத்தைச் சுற்றி ஈயத்தை வார்த்துச் செய்யும் செயற்கை இரை. வழக்கமான தூண்டிலில் முள் ஓரிடத்திலும் ஈயக்குண்டு வேறிடத்திலும் இருக்கும். ஜிக்கில் இரண்டும் ஒரே உடம்பு. முள்ளின் காது ஈயத் தலையின் மேற்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில் நரம்பைச் சுண்டி இழுத்தால் தலை எழும்பும். தளர்த்தினால் மூக்கு கீழாக அடித்தரையை நோக்கி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் மீன் ஏமாறுகிறது. தலைக்குப் பின்னால் ரப்பர் புழுவோ, மான்வால் முடியோ, இறகுக் குஞ்சமோ இருக்கலாம். அவை கிழியும், உதிரும், மாற்றப்படும். தலை மட்டும் நிலைத்திருக்கும். அந்தத் தலைக்கு நிறம் ஏற்றும் வழிகளில் மிக அழகானது பவுடர் பெயின்ட். இதில் திரவம் கிடையாது, கரைப்பான் கிடையாது. சூடான ஈயத்தை உலர்ந்த வண்ணப் பொடியில் ஒரு கணம் ஆழ்த்தி எடுத்தால் போதும். பொடி ஒட்டி, உருகி, பளபளப்பான தோலாகிவிடுகிறது.

இந்தக் கைவேலை ஆழமாக வேரூன்றியிருப்பது அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியுள்ள மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கிடக்கும் மாதங்களில், வீட்டின் நிலவறையிலும் கார் கொட்டகையிலும் அடுத்த பருவத்துக்கான ஜிக்குகள் தயாராகும். பனி உருகியதும் ஈரி ஏரியிலிருந்து வால்ஐ மீன்கள் முட்டையிட மௌமி ஆற்றுக்குள் ஏறும். டெட்ராய்ட் ஆற்றிலும் அதே சமயம் கூட்டம் சேரும். ஆற்றின் அடியில் பாறை. முள் பாறையிடுக்கில் சிக்கினால் நரம்பை அறுத்துவிட்டு அடுத்த ஜிக்கைக் கட்ட வேண்டியதுதான். ஒரே நாளில் ஒரு டஜன் போவது சாதாரணம். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால்தான் பெரும்பாலோர் வீட்டில் வார்க்கத் தொடங்குகிறார்கள். வார்ப்பு சிக்கனத்துக்காக வந்தது. நிறம் பூசுவது அப்படியில்லை. அதில் இறங்கியவர்கள் சிக்கனத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறார்கள்.

வெறும் ஈயம் வார்த்த புதிதில் வெள்ளிபோல மின்னும். காற்றுப் பட்டதும் சீக்கிரமே மங்கிச் சாம்பல் நிறமாகும். அதற்கு நிறம் ஏற்ற நெடுங்காலம் பயன்பட்டவை வினைல், லாக்கர் வகைத் திரவப் பெயின்ட்கள். அடியில் வெள்ளை, அதன் மேல் நிறம், அதற்கும் மேல் தெளிவுப்பூச்சு என்று அடுக்கடுக்காகத் தோய்த்து ஒவ்வொன்றையும் உலரவிட வேண்டும். வேலை நாட்கணக்கில் இழுக்கும். வீடு முழுக்கக் கரைப்பான் நெடி வீசும். இவ்வளவுக்குப் பிறகும் பாறையில் நாலு தட்டுத் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ரப்பர் புழு என்று சொல்லப்படுவது உண்மையில் மென்மையாக்கிய பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசையான வேதிப்பொருள் பல லாக்கர்களைக் கரைக்கும். புழுவைக் கோத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த வாரம் திறந்தால் தலையில் நிறம் கொழகொழத்துப் போயிருக்கும்.

பொடி இந்தத் தொல்லைகளை ஒரேயடியாகத் தீர்த்தது. பொடிப்பூச்சு மீன்பிடிப்பவர்களுக்காகக் கண்டுபிடித்ததல்ல. 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர், காற்றூதி மிதக்கவிட்ட பிளாஸ்டிக் பொடியில் சூடான உலோகத்தைத் தோய்க்கும் முறையை உருவாக்கினார். அதன் பிறகு மின்னேற்றம் கொடுத்துப் பொடியைத் தெளிக்கும் முறை வந்தது. இன்று ஜன்னல் கிரில்லுக்கும் இரும்பு பீரோவுக்கும் செய்யப்படும் பவுடர் கோட்டிங் அந்த இரண்டாவது வகை. ஜிக் பூசுபவரின் மேசையில் நடப்பது முதல் வகை, கெம்மரின் வழி. பொடியின் ஒவ்வொரு துகளும் பிசினும் நிறமியும் கெட்டிப்படுத்தும் பொருளும் கலந்து அரைத்த ஒரு முழுமையான பெயின்ட். சூடு பட்டதும் அது மூன்று கட்டங்களைக் கடக்கிறது: முதலில் இளகி ஒட்டுகிறது, பிறகு உருகி ஓடிச் சமனாகிறது, கடைசியாக, சூடு நீடித்தால், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. இறுகியபின் மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. முதல் இரண்டு கட்டங்களும் மேசையில் கண் முன்னே சில நொடிகளில் முடிகின்றன. மூன்றாவது அடுப்புக்குள்.

நல்ல பூச்சு நல்ல வார்ப்பிலிருந்து தொடங்குகிறது. அச்சு என்பது கீலில் திறந்து மூடும் இரண்டு அலுமினியப் பலகைகள். அயோவா மாநிலத்தில் டென்வர் என்ற சிற்றூரைச் சேர்ந்த டூ-இட் நிறுவனத்தின் அச்சுகள் இந்த வட்டாரத்தில் எங்கும் காணக் கிடைப்பவை. முள்ளைக் குழியில் பொருத்தி, அச்சை மூடி, உருகிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் குழியை நிரப்புவதற்குள் உறைந்து சுருக்கம் விழும். அதனால் முதல் சில வார்ப்புகள் மறுபடி பானைக்கே போகும். குழியில் மெழுகுவர்த்திப் புகையைப் படியவிட்டால் ஈயம் தடையில்லாமல் ஓடும். தூய மென் ஈயம் நுணுக்கமான குழிகளையும் நிரப்பும்: மீன்கண் பதிக்கும் பள்ளம், செவுள் கோடு, புழுவைப் பிடித்து நிறுத்தும் சிறு எதிர்முள் எல்லாம் தெளிவாக விழும். ஆன்டிமனி கலந்த கடின ஈயத்தில் அந்தக் கூர்மை வராது.

வார்ப்பில் இரண்டு எச்சரிக்கைகளை யாரும் தளர்த்துவதில்லை. ஒரு சொட்டு ஈரம் உருகிய ஈயத்துக்குள் போனாலும் அது நொடியில் ஆவியாகிக் கொதிஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஈயப்புகையும் ஈயத்தூசியும் உடம்பில் சேர்ந்தால் வெளியேறுவது அரிது. குழந்தைகளை அது மிக மோசமாகத் தாக்கும். காற்றோட்டமான இடம், வேலை முடிந்ததும் கைகழுவல், அந்த மேசையில் சாப்பாடு கூடாது என்ற கண்டிப்பு, எல்லாம் வேலையின் பகுதியே.

ஈயம் ஊற்றிய வாயில் மிஞ்சும் தண்டைக் குறட்டால் வெட்டி, அச்சின் இணைப்பில் கசிந்த மெல்லிய விளிம்பை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இது. பொடிப்பூச்சு தடிமனானது, சிறு கீறல்களை மூடிவிடும் என்பது உண்மை. ஆனால் கூரான விளிம்பை மூடாது. உருகிய பிசின் பரப்பிழுவிசையால் கூர்முனைகளிலிருந்து பின்வாங்கும். அங்கே தோல் மெலிந்து, உள்ளிருக்கும் ஈயம் கருங்கோடாகத் தெரியும். வெளிர் நிறத் தலையின் நடுவே மூக்கிலிருந்து கழுத்துவரை ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அரம் படாத ஜிக் என்று தெரிந்துவிடும்.

இனி சூடு. முள்ளின் வளைவைக் குறட்டில் கவ்விப் பிடித்து, ஈயத் தலையை ஹீட் கன்னின் அனலில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். சாராய விளக்கும் பயன்படும், அதன் சுடர் சுத்தமானது. மெழுகுவர்த்தி உதவாது, அதன் கரி வெள்ளை நிறத்தைப் பாழாக்கும். கால் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 7 கிராம் தலைக்குச் சில நொடிகள் போதும். ஈயம் சூட்டை விரைவாக ஏற்கும், விரைவாக விடும். ஹீட் கன்னின் காற்று ஈயத்தின் உருகுநிலையைவிடச் சூடானது. கவனம் பிசகினால் மூக்கு உருகி வழியும். முள்ளின் கம்பி மெல்லியது, தலையைவிட முன்னதாகவே சூடேறும். சூடேறிய கம்பியிலும் பொடி ஒட்டிக்கொண்டு முள்ளைத் தடிப்பாக்கும் என்பதால், அனல் தலையின் மேல் மட்டும் விழும்படி கோணம் பார்த்துப் பிடிப்பது அவசியம்.

தோய்ப்பது ஒரே வீச்சு. தலை பொடிக்குள் போய் வெளியே வர ஒரு நொடிக்கு மேல் ஆகாது. வெளியே வந்த ஜிக்கைப் பார்த்தே சூடு எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம். சூடு போதவில்லை என்றால் பொடி திட்டுத் திட்டாகத்தான் பிடித்திருக்கும், தட்டினால் உதிரும். அளவு மீறியிருந்தால் தலை வெளியே வரும்போதே ஈரமாக மின்னும், பொடி மேலும் மேலும் ஒட்டிப் பருத்திருக்கும், மூக்கில் சொட்டு திரளும். சரியான சூட்டில் நடப்பது வேறு. தலை வெல்வெட் துணி போர்த்தியதுபோல மங்கலாக வெளிவரும். பிறகு, குறட்டின் முனையில் அப்படியே காற்றில் நிற்கும்போது, அந்த மங்கல் ஓரிடத்தில் நனையத் தொடங்கும், நனைவு பரவும், துகள்கள் ஒன்றையொன்று தொட்டு இணையும், ஓரிரு நொடியில் தலை முழுவதும் கண்ணாடிப் பளபளப்புக்கு வந்துவிடும். அந்த மாற்றத்தைத் தருவது ஈயத்துக்குள் மிஞ்சியிருக்கும் சூடு. வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்வதில்லை. இந்தக் கலையின் மிக இனிமையான காட்சி இதுதான். எத்தனை ஜிக் பூசியவரும் கையை அசைக்காமல் அதைப் பார்த்து நிற்பதில் வியப்பில்லை. பளபளப்பு முழுதாக வரவில்லை என்றால் ஹீட் கன்னை ஒரு கணம் மறுபடி காட்டலாம். ஆகவே தேர்ந்தவர்கள் சூட்டைச் சற்றுக் குறைத்து வைப்பதையே விரும்புகிறார்கள். குறைந்ததைக் கூட்டிச் சரிசெய்ய முடியும். மிகுந்து பருத்த பூச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

தலையின் பருமனுக்குத் தக்கபடி இந்தக் கணக்கு மாறும். கிராப்பி மீனுக்கான பதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ் ஜிக் 2 கிராம்கூட இருக்காது. அனலிலிருந்து பொடிக் குப்பிக்கு வந்து சேர்வதற்குள் ஆறத் தொடங்கிவிடும். அதற்குக் குப்பியும் ஹீட் கன்னும் கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் தலையில் சூடு நின்று நிலைக்கும். அதற்கு ஆபத்து மிகைச் சூடுதான். பெரிய ஜிக்கை அழகாகப் பூசுபவர்கள் நிறைய உண்டு. கைத்தேர்ச்சியை அளக்க வேண்டுமென்றால் சிறிய ஜிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

புரோ-டெக் போன்ற பொடிகள் 2 அவுன்ஸ் குப்பிகளில் விற்கின்றன. ஒரு குப்பி நூற்றுக்கணக்கான தலைகளுக்கு வரும். குப்பியில் நாட்பட இருந்த பொடி இறுகிப் படிந்திருக்கும். அதில் தலையை அழுத்தினால் ஒரு பக்கம் அப்பிக்கொள்ளும், மறுபக்கம் மெலியும். தோய்க்கும் முன் குப்பியைக் குலுக்கியோ குச்சியால் கிளறியோ பொடியை இளக்குவது குறைந்தபட்ச முறை. அதைவிடச் சிறந்தது மிதவைக் குப்பி. பிவிசி குழாய்த் துண்டின் அடியில் காற்றுப் புகும், பொடி ஒழுகாத மெல்லிய தாளை இழுத்துக் கட்டி, அதன் கீழே மீன்தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்ப்பை இணைத்தால் வீட்டிலேயே அமைந்துவிடும். காற்றைச் சீராகத் திறந்தால் பொடி மெல்ல உப்பி, மேற்பரப்பில் சிறு குமிழிகள் வெடிக்க, காய்ச்சும் பால் பொங்கத் தொடங்கும் நிலையைப்போலத் தளும்பி நிற்கும். அதில் ஜிக் தடையே இல்லாமல் போய் வரும். எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். கெம்மரின் தொழிற்சாலை முறை சின்னஞ்சிறு குழாயில் அடங்கிவிட்டது என்பது நினைக்க நினைக்க மகிழ்ச்சி தருவது. காற்று மிகுந்தால் பொடி அறை முழுவதும் பறக்கும். அதைச் சுவாசிக்கக் கூடாது, முகமூடி வேண்டும்.

ஒற்றை நிறத்தோடு நின்றுவிடலாம். நிற்பவர்கள் குறைவு. இரண்டாவது நிறத்தைத் தூரிகையால் தூவுவார்கள், தடவுவதில்லை. மெல்லிய மயிர்த்தூரிகையைப் பொடியில் தொட்டு, இன்னும் சூடாறாத தலைக்கு மேலே பிடித்து, காம்பை விரலால் தட்டினால் துகள்கள் விழுந்து அப்படியே உருகும். முதுகில் பச்சை, வயிற்றில் மஞ்சள், தொண்டையில் ஆரஞ்சு என்று வைத்தால் அவற்றின் எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தபடி அமையும். ஏர்பிரஷ் தருவது வழவழப்பான மாற்றம். பொடி தருவது மணல்மணலான மாற்றம். காரணம், வண்ணப் பொடிகள் திரவ வண்ணங்களைப்போல ஒன்றோடொன்று கலந்து புது நிறமாவதில்லை. நீலப் பொடியையும் மஞ்சள் பொடியையும் சேர்த்துக் குலுக்கினால் பச்சை வராது. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் நெருங்கிக் கிடக்கும், தூரத்திலிருந்து பார்க்கும் கண்தான் பச்சை என்று கொள்ளும்.

சிலருக்கு இது குறையாகப் படுகிறது. உண்மையில் பொடியின் தனி வரமே இதுதான். நன்னீர் நண்டின் ஓடோ, சிறுமீனின் முதுகோ இயற்கையில் ஒரே நிறமாக இருப்பதில்லை. புள்ளிகளாலும் துகள்களாலும் ஆனது. பழுப்பில் கொஞ்சம் கறுப்பும் கொஞ்சம் ஆரஞ்சும் கலந்து தோய்த்த ஸ்மால்மௌத் பாஸ் மீனுக்கான ஜிக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், எந்தத் தூரிகையும் பொறுமையாகப் புள்ளி வைத்துச் செய்ய முடியாத வேலைப்பாடு ஒரே வீச்சில் வந்திருப்பது தெரியும்.

ஒளிரும் நிறங்களுக்கு அடியில் வெள்ளை வேண்டும். ஒளிரும் ஆரஞ்சும் எலுமிச்சை மஞ்சளும் ஓரளவு ஒளி ஊடுருவும் பூச்சுகள். கருமையான ஈயத்தின் மேல் நேராகப் போட்டால் அழுக்காகத் தெரியும். வெள்ளையை மிக மெல்லியதாகப் போட்டு, மறுபடி சூடாக்கி, அதன் மேல் ஒளிர்நிறத்தைத் தோய்த்தால் நிறம் உள்ளிருந்து எரிவதுபோல எழும்பும். இதற்கு நேர்மாறானவை கண்ணாடிபோல ஊடுருவும் பொடிகள். அவற்றுக்கு அடியில் எதுவும் கூடாது. வார்த்த கையோடு, ஈயம் மங்குவதற்கு முன் தோய்த்துவிட்டால், சிவப்புக்கோ நீலத்துக்கோ அடியில் உலோகத்தின் ஒளி அடைபட்டு நிற்கும். மங்கிய பழைய தலையில் அதே பொடி களிமண் நிறமாகத்தான் வரும்.

வரிகளுக்கும் கண்களுக்கும் திரவப் பெயின்ட்டின் உதவி தேவைப்படலாம். ஆணித் தலையில் பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் வெள்ளை வட்டம். சிறிய ஆணியால் அதன் நடுவே கறுப்பு. ஒட்டிக்கொள்ளும் கண்களும் கடையில் கிடைக்கும். கண் வைத்தபின் ஜிக்குக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. மீனுக்கு அது எவ்வளவு முக்கியமோ, பூசுபவருக்கு நிச்சயம் முக்கியம்.

நரம்பு கட்டும் காதுத் துளையில் பூச்சு அடைத்துக்கொள்வது தவிர்க்க முடியாதது. அதைத் திறக்கும் நேரம்தான் சூட்சுமம். அடுப்பில் வைக்குமுன், பூச்சு இன்னும் முழுதாக இறுகாமல் நொறுங்கும் தன்மையில் இருக்கும்போது ஊசியை நுழைத்தால், அடைப்பு மட்டும் சுத்தமாக உடைந்து விழும். அடுப்பிலிருந்து எடுத்தபின் முயன்றால் போராட்டம்தான். இதை மறந்தவர்கள் விடியற்காலைக் குளிரில், விறைத்த விரல்களோடு, படகில் உட்கார்ந்து இன்னொரு ஜிக்கின் முள்ளால் காதைக் குத்திக்கொண்டிருப்பதைப் பேரேரிக் கரைகளில் பார்க்கலாம். புழுவைக் கோக்கும் கழுத்துப் பகுதியிலும் பூச்சு ஏறக் கூடாது. அங்கே தடித்தால் புழு கிழியும்.

பளபளவென்று ஆறி நிற்கும் ஜிக் முடிந்த ஜிக்போலத்தான் தோன்றும். முடியவில்லை. பிசின் இன்னும் பின்னிக்கொள்ளவில்லை; பாறையில் பட்டால் சில்லு தெறிக்கும். முள்ளின் வளைவைக் கம்பியில் மாட்டி, தலை கீழாக, ஒன்றையொன்று தொடாமல் சிறு டோஸ்டர் அடுப்பில் தொங்கவிட்டு, 350 டிகிரி பாரன்ஹீட், அதாவது 177 டிகிரி செல்சியசில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். அந்த அடுப்பு அதன் பிறகு சமையலுக்கு ஆகாது. அடுப்பின் சூடு காட்டும் முள்ளை நம்பாமல் தனி வெப்பமானி வைப்பது நல்லது. சூடு மிகுந்தால் வெள்ளை மஞ்சளிக்கும், ஒளிர்நிறங்கள் வெளிறும். தோய்த்தபோது செய்த பிழைகள் அடுப்பில் அம்பலமாகும். பூச்சு மறுபடி இளகி ஓடும்போது, தடிப்பாக ஏறியிருந்த ஜிக்கின் மூக்கில் சொட்டு இறங்கி அப்படியே உறைந்துவிடும். மெல்லிய பூச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

முறையாகச் சுட்ட ஜிக்கைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்துச் சோதிப்பது உண்டு. ஈயம் தட்டையாகும். பூச்சு அதோடு சேர்ந்து விரியுமே தவிரப் பெயராது. ரப்பர் புழுவின் வேதிப்பொருளும் அதைத் தொடாது. மான்வால் முடியும் மாரபூ இறகும் இதன் பிறகுதான் கட்டப்படும், முன்னே கட்டினால் அடுப்பில் கருகும். மாரபூ என்பது ஒரு காலத்தில் ஆப்பிரிக்க மாரபூ நாரையிலிருந்து வந்தது. இன்று அந்தப் பெயரில் வருவது வான்கோழியின் மென்னிறகு.

இத்தனை நிறங்களும் மீனுக்காகத்தானா? ஓரளவு ஆம். தெளிந்த நீர் சிவப்பை முதலில் விழுங்கும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு கருத்துவிடும், பச்சையும் நீலமும் இன்னும் கீழே செல்லும். இலைதழை ஊறித் தேநீர் நிறமாயிருக்கும் வடக்கு ஏரிகளில் நிலைமை தலைகீழ். அங்கே நீலம் சீக்கிரம் மடிந்து, ஆரஞ்சும் சிவப்பும் நிற்கும். ஒளிர்நிறங்கள் குறுகிய அலைநீள ஒளியை வாங்கி நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தருபவை. அதனால் ஒளி குன்றிய ஆழத்திலும் சுற்றுப்புறத்தைவிடப் பிரகாசமாகத் தெரிகின்றன. வால்ஐ மீனின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. அந்தியிலும் கலங்கலிலும் அதற்குப் பார்வை கூர்மை. அதன் கண்ணிலுள்ள நிற உணர்செல்கள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கும் மற்றொன்று ஆரஞ்சு சிவப்புக்கும் உரியது. வால்ஐ ஜிக் பெட்டிகளைத் திறந்தால் எலுமிச்சைப் பச்சையும் ஆரஞ்சும் நிறைந்து வழிவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. மீன்பிடிப்பவர்கள் இந்த நிறங்களை வந்தடைந்தது ஆய்வகத்தின் வழியாக அல்ல, மீன் கடித்த ஜிக்கையே மறுபடி மறுபடி கட்டி.

பயர்டைகர் என்ற வண்ண அமைப்பு இதற்கு நல்ல உதாரணம்: முதுகில் பச்சை, பக்கங்களில் எலுமிச்சை மஞ்சள், குறுக்கே கறுப்பு வரிகள், வயிற்றில் ஆரஞ்சு. வால்ஐ விரும்பித் தின்னும் மஞ்சள் பெர்ச் மீனின் வரிகளும் ஆரஞ்சுத் துடுப்புகளும் அதில் தெரியும், ஆனால் எந்தப் பெர்ச் மீனும் அவ்வளவு உரக்கக் கூவாது. இன்னொரு வகை, ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கலந்த இருட்டில் ஒளிரும் பொடி. டார்ச் வெளிச்சத்தைக் காட்டிவிட்டு இறக்கினால் வெகுநேரம் பச்சையாக மின்னும். பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிப்பவர்கள் அதை விடுவதில்லை. இவற்றுக்கு அப்பால், தூய அழகுக்காகவே செய்யப்படும் நிறங்களும் உண்டு. அவற்றுக்கு நியாயம் கேட்க வேண்டியதில்லை.

நல்ல ஜிக்கை அறிவதற்கு முதலில் பார்க்க வேண்டியது அதன் நிறத்தை அல்ல, நுணுக்கங்களை. அச்சு கொடுத்த செவுள் கோடும் கண் பள்ளமும் பூச்சுக்கு அடியில் கூர்மையாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் பூச்சு மெல்லியது. பிறகு காது: துளை திறந்து, கம்பியைச் சுற்றிப் பூச்சு நேர்த்தியாக முடிந்திருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பிரதிபலிப்பு சிதையாமல் வழுக்கிச் செல்ல வேண்டும்; ஆரஞ்சுப் பழத்தோல்போலப் புள்ளி விழுந்திருந்தால் பொடி முழுதாக ஓடிச் சமனாகும் அளவுக்குச் சூடு கிடைக்கவில்லை. மூக்கின் அடியில் விரலால் தடவினால் சொட்டு தட்டுப்படக் கூடாது. கடைசியாக இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடம். அங்கே துகள்கள் அடர்ந்து தொடங்கி, படிப்படியாக அருகி, சில தனித் துளிகளாக முடிந்திருந்தால், அந்தத் தூரிகையைத் தட்டிய விரல் அனுபவப்பட்டது.

இந்தக் கலையின் மேல் கனமாக விழுந்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு: ஈயம். லூன் என்ற நீர்ப்பறவை மினசோட்டாவின் மாநிலப் பறவை. வடக்கு ஏரிகளின் குரலே அதுதான். இரையை அரைப்பதற்காக அது அடித்தரையிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி விழுங்கும். அறுந்து கிடக்கும் ஜிக்கும் ஈயக்குண்டும் கல்லோடு சேர்ந்து உள்ளே போகும். ஜிக்கை விழுங்கிய மீனைப் பிடித்துத் தின்பதாலும் போகும். சிறு ஜிக் ஒன்றே ஒரு லூனைக் கொல்லப் போதுமானது. எவ்வளவு நன்றாகச் சுட்ட பூச்சும் இங்கே காப்பதில்லை. இரைப்பைக்குள் கற்கள் பூச்சைத் தேய்த்தெடுக்க, அமிலம் ஈயத்தைக் கரைக்கிறது. பிரிட்டன் 1987-இல் தூண்டிலுக்கான சிறிய ஈயக்குண்டுகளைத் தடை செய்தது, அங்கே பாதிக்கப்பட்டவை அன்னங்கள். கனடா தன் தேசியப் பூங்காக்களில் 1997 முதல் சிறிய ஈயக்குண்டுகளையும் ஈய ஜிக்குகளையும் விலக்கியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 2012-இலும் நியூ ஹாம்ப்ஷயர் 2016-இலும் சிறிய ஈய ஜிக்குகளுக்குத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தக் கலையை நேசிப்பவர்கள் லூனின் பக்கம் நிற்பதே பொருத்தம். அந்த ஏரிகள் இல்லாமல் இந்த நிறங்களுக்கு இடமில்லை.

மாற்று உலோகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பூசுபவருக்குப் புதுப் பாடம் வைக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், வார்ப்பது எளிது, மின்னும் வெண்மை. ஊடுருவும் பொடிகளுக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. ஆனால் அதே அச்சில் வார்த்த தலை ஈயத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எடை குறைந்திருக்கும், ஆற்றின் இழுப்பில் அடியைத் தொடத் தாமதிக்கும். பிஸ்மத் 271 டிகிரியில் உருகும், எடையில் ஈயத்துக்கு நெருக்கம், உறையும்போது சற்று விரிவதால் குழியின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். நொறுங்கும் குணம் மட்டும் உண்டு. தண்டை வெட்டும்போது கழுத்து முறியலாம். இரண்டையும் கலந்தால் வார்ப்பு இன்னும் எளிதாகும் என்று செய்பவர்களுக்கு அடுப்பில்தான் அதிர்ச்சி. பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பூச்சு இறுகத் தேவையான சூடோ 177. கதவைத் திறந்தால் கம்பியில் வெறும் முள் தொங்கும், கீழே தட்டில் வண்ணத் தோல் போர்த்திய உலோகத் துளிகள் கிடக்கும். ஆகவே பொடிப்பூச்சுக்குத் தூய பிஸ்மத் அல்லது தூய வெள்ளீயமே ஏற்றவை.

பிஸ்மத் தலை ஈயத் தலையைவிடச் சூட்டை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே தேக்கி வைக்கும்; உருகுநிலையும் தாழ்வு என்பதால் அதிகமாகச் சூடாக்கி ஈடுகட்டவும் இடம் குறைவு. எனவே குப்பியை ஹீட் கன்னுக்கு இன்னும் நெருக்கி வைப்பார்கள். முதல் தோய்ப்பில் வெல்வெட் நிலைவரை மட்டும் கொண்டுவந்து, பளபளப்பை இரண்டாம் சூட்டில், அனலைத் தள்ளிப் பிடித்து, நிதானமாக வரவழைப்பார்கள்.